அடியில் எழுதாத பெயர்

சீனப் பீங்கான் கிண்ணமொன்றைக் கையிலெடுப்போர் பெரும்பாலும் அதன் வெண்மையையும், மெருகையும், மேலே தீட்டிய பூவையும் பறவையையும் கண்டு மகிழ்வர். பீங்கானின் வரலாறறிந்தவரோ முதலில் அதனைக் கவிழ்த்து அடியைப் பார்ப்பர். அங்கே இரண்டு நீல வளையங்களுக்குள்ளே, நிரைக்கு மூன்றாக இரு நிரைகளில் ஆறு எழுத்துக்கள் காணப்படலாம். வலப்புற நிரையிலே தொடங்கி, மேலிருந்து கீழாக அவற்றைப் படித்தால், எந்த அரச மரபில், எந்தச் சக்கரவர்த்தியின் ஆட்சியிலே அக்கிண்ணம் செய்யப்பட்டது என்னும் செய்தி கிடைக்கும். செய்தவன் யார் என்னும் செய்தி மாத்திரம் கிடையாது. மண்ணைப் பிசைந்தவன், சக்கரத்தைச் சுழற்றியவன், தூரிகை பிடித்தவன், சூளையின் வாயிலே இரவு பகலாகத் தீயைக் காத்தவன் ஆகிய இவர்களுள் எவனுடைய பெயரையும் அந்த அடிப்புறம் தாங்குவதில்லை.

இவ்வழக்கத்தின் நடுவிலே இருபத்தெட்டு ஆண்டுகள் வாழ்ந்த ஒரு பெரியார் உண்டு. அரச பீங்கான்களின் அடியிலே சக்கரவர்த்தியின் ஆட்சிப்பெயர் முறைப்படி எழுதப்படுகின்றதா என்று மேற்பார்வை செய்வது அவருடைய கடமைகளுள் ஒன்று. அக்கடமையைப் பழுதின்றிச் செய்த அவர், தீயிலே மாண்ட ஒரு தொழிலாளியின் பெயர் அழிந்துபோகாமலும் காத்தார். அவர்தாம் தாங் யிங். சீனத்தின் பீங்கான் கலை அதன் கொடுமுடியை எட்டிய 18ஆம் நூற்றாண்டிலே, ஜிங்தெசென் நகரின் அரச சூளைகளை நடத்தியவர். பீங்கானை ஆராய்வோர் எந்நாட்டினராயினும் அவர் பெயரை அறியாதிருத்தல் அரிது.

ஆறெழுத்து வந்த வழி

தாங் யிங்கின் வாழ்க்கையை விளங்கிக்கொள்வதற்கு அந்த ஆறெழுத்தின் வரலாற்றையும் சிறிது அறிதல் வேண்டும். சீனத்தின் தென்பாகத்திலே, ஜியாங்சி மாகாணத்தில், சாங் ஆற்றங்கரையில் அமைந்த ஊர் ஜிங்தெசென். அவ்வூருக்கு அணித்தான கௌலிங் என்னும் குன்றிலே கிடைத்த வெண்களிமண்ணும், பொடியாக்கிய ஒருவகை வெண்கல்லும் சேர்ந்தே உண்மையான பீங்கான் பிறக்கின்றது. இன்று உலகமெங்கும் அவ்வகை மண்ணுக்கு வழங்கும் கயோலின் என்ற பெயரும் அக்குன்றின் பெயரே.

மிங் மரபினரின் ஆட்சியிலே, 1403 முதல் 1424 வரை ஆண்ட யோங்லெ சக்கரவர்த்தியின் காலத்தில், முத்திரை எழுத்து எனப்படும் பழைய வடிவிலே நான்கு எழுத்துக்களால் ஆட்சிக்குறி இடும் வழக்கம் அரச பீங்கானிலே தோன்றியது. 1426 முதல் 1435 வரையிலான சுவாந்தெ ஆட்சியிலே ஆறெழுத்துக் குறி பெருவழக்காயிற்று. அரண்மனைக்கு ஏற்றதன்று எனத் தள்ளப்பட்ட பொருள்கள் வெளியாருடைய கையிற் சேராதவாறு உடைக்கப்பட்டுக் குழிகளிலே புதைக்கப்பட்டன. அண்மைக் காலத்திலே ஜிங்தெசென்னின் சூ ஷான் குன்றுப் பகுதியை அகழ்ந்தோர், ஆட்சிக்குறி தாங்கிய அவ்வோடுகளைக் குவியல் குவியலாகக் கண்டெடுத்தனர்.

ஆயினும், குறியை மாத்திரம் நம்பிக் காலத்தைத் துணிதல் ஆகாது. முன்னோரின் பொருளுக்கு இருந்த மதிப்பை நாடிப் பின்வந்தோர் பழைய ஆட்சிப்பெயர்களைத் தம் பொருள்களிலே எழுதினர். 15ஆம் நூற்றாண்டின் செங்ஹுவா ஆட்சிக்குறி, இருநூறு ஆண்டுகளின் பின் செய்யப்பட்ட பாத்திரங்களிலே மிகுதியாகக் காணப்படுகின்றது. சில வேளைகளில் இது ஏமாற்று. சில வேளைகளிலோ பழமைக்குச் செய்த வணக்கம். சிங் மரபின் தொடக்கத்திலே வேறொரு மாற்றமும் நேர்ந்தது. 1677ஆம் ஆண்டிலே அப்பிரதேச அதிகாரி, பீங்கானிலே சக்கரவர்த்தியின் ஆட்சிப்பெயரை எழுதுதலாகாது எனத் தடைவிதித்தார். பாத்திரம் உடைந்தால் அரசருடைய பெயர் குப்பையிலே கிடந்து காலடியில் மிதிபடும் என்பதே அதற்குக் காரணம். அக்காலப் பாத்திரங்கள் சிலவற்றின் அடியிலே எழுத்தில்லாத வெறும் இரட்டை வளையம் நிற்கின்றது. வேறு சிலவற்றிலே ஓர் இலையோ தாமரையோ எழுத்தின் இடத்தைப் பிடித்திருக்கின்றது. பெயரை எழுதுவதும் எழுதாது விடுவதும் அந்நாட்டிலே அற்பமான காரியமாகக் கருதப்படவில்லை என்பதற்கு இதுவே சான்று.

அரண்மனைச் சேவகர்

அத்தடை பிறந்து ஐந்து ஆண்டுகள் கழிந்தபின், 1682ஆம் ஆண்டிலே, வடகிழக்குச் சீனத்தின் ஷென்யாங் நகரைப் பூர்வீகமாகக் கொண்ட குடும்பமொன்றிலே தாங் யிங் பிறந்தார். சிங் மரபை நிறுவிய மஞ்சு இனத்தவரின் கொடிப்படைப் பிரிவொன்றிலே சேர்க்கப்பட்டிருந்த சீனக் குடும்பம் அது. அரண்மனைப் பணிக்கெனத் தலைமுறை தலைமுறையாகக் கட்டுப்பட்ட குடி. அதற்கேற்ப, தாங் யிங்கும் பதினாறாவது வயதிலே பீக்கிங் அரண்மனையிற் பணிக்கமர்ந்தார். காங்ஸி சக்கரவர்த்தியின் ஆட்சி அப்பொழுது நடந்துகொண்டிருந்தது.

இருபது ஆண்டுகளுக்கு மேலாக அவர் அங்கே சேவகம் புரிந்தார். அரண்மனையின் கைத்தொழிற்கூடங்களோடு அவருக்கு நெருங்கிய தொடர்பு உண்டாயிற்று. ஓவியம், எழுத்தழகு, கவிதை ஆகியவற்றிலும் தேர்ச்சி பெற்றார். 1723ஆம் ஆண்டிலே யோங்செங் சக்கரவர்த்தியின் ஆட்சியாண்டு தொடங்கியதும், அரண்மனை அலுவல்களை நடத்தும் திணைக்களத்திலே அவருக்கு உயர்ந்ததோர் உத்தியோகம் கிடைத்தது. புதிய சக்கரவர்த்தியோ பீங்கானிலே நுண்ணிய சுவையுடையவர். ஒரு கிண்ணத்தின் விளிம்பு எவ்வளவு வளைதல் வேண்டும் என்பதையும் தாமே ஆராய்ந்து கட்டளையிடுபவர். அத்தகையவரின் உள்ளத்தை அறிந்த ஒருவர் சூளையருகே இருத்தல் வேண்டும் எனக் கருதப்பட்டது. 1728ஆம் ஆண்டிலே தாங் யிங் ஜிங்தெசென்னுக்கு அனுப்பப்பட்டார்.

சூளைகளுக்கு அப்பொழுது மேலதிகாரியாக இருந்தவர் நியென் சியாவோ. கணிதத்திலும் ஓவியத்திலும் வல்ல அறிஞரான இவர், தூரத்திலுள்ள ஹுவாய்ஆன் நகரின் சுங்கத்தையும் நிருவகித்தார். சுங்க அதிகாரிக்கும் பீங்கானுக்கும் என்ன தொடர்பு என்று வாசகர்கள் வியக்கலாம். அரச சூளைகளின் செலவுக்குரிய பணம் சுங்க வருவாயிலிருந்தே வந்தது. ஆதலால், பணத்துக்குப் பொறுப்பானவரே பொருளுக்கும் பொறுப்பாளரானார். ஆனால் நியென் சியாவோ சூளையருகே வசிக்கவில்லை. நாள்தோறும் அங்கே நின்று காரியம் பார்க்கவேண்டியவர் தாங் யிங்.

மூன்று ஆண்டுக் கல்வி

ஜிங்தெசென்னை அடைந்தபொழுது தாங் யிங்குக்கு நாற்பத்தாறு வயது. அரண்மனையிலே கலைப்பொருள்களைக் கண்டு பழகியவரேயன்றி, மண்ணைக் கையால் தொட்டவரல்லர். எந்த மண் எந்தத் தீயைத் தாங்கும், எந்தப் பூச்சு எவ்வளவு வெப்பத்தில் எந்நிறம் காட்டும் என்பவற்றை அவர் அறியார். தொழிலாளரோ அறிந்தவர்கள். அதிகாரி அறியாதவர், ஏவலர் அறிந்தவர் என்ற நிலையிலே சாதாரண உத்தியோகத்தர் செய்யக்கூடியது ஒன்றே: அறிந்தவர்போல நடித்து, தவறு நேர்ந்தபோது தொழிலாளரைத் தண்டிப்பது.

தாங் யிங் அவ்வழியிற் செல்லவில்லை. விருந்துகளையும் நண்பர் சந்திப்புக்களையும் விலக்கிக் கதவை அடைத்துக்கொண்டார். தொழிலாளரோடு உண்டு, அவர்களோடு தங்கி, மூன்று ஆண்டுகள் மாணவராக வாழ்ந்தார். மண், மெருகுப் பூச்சு, வடிவம், நிறம், தீ ஆகிய ஒவ்வொன்றையும் கேட்டும் கண்டும் செய்தும் கற்றார். 1731ஆம் ஆண்டளவிலே, தொழிலாளர் கூறுவதைக் கேட்டுக்கொண்டிருந்த நிலை மாறி, அவர்களுக்கே வழிகாட்டும் நிலையை அடைந்தார். இச்செய்தியைப் பின்னர் அவரே எழுதிவைத்தார். தம்மைக் குறிக்கும்பொழுது, மண்பாண்டம் வனைபவன் எனப் பொருள்படும் சீனச் சொல்லால் வழங்கவும் தொடங்கினார்; தம் எழுத்துக்களின் தொகுதிக்கு இட்ட தலைப்பிலும் அச்சொல்லையே வைத்தார். உத்தியோகப் பட்டங்களே மனிதனின் மதிப்பென எண்ணப்பட்ட சமூகத்திலே, ஓர் அரச அதிகாரி தம்மைக் குயவன் என்று அழைத்துக்கொள்வது சிறிய காரியமன்று.

அவர் கல்வி எத்தகையது என்பதற்கு ஓர் உதாரணம் போதும். பழைய சுன் சூளைகளிலே செய்யப்பட்ட பாத்திரங்கள், நீலமும் ஊதாவும் ஒன்றோடொன்று கலந்தோடும் பூச்சினாற் புகழ்பெற்றவை. அப்பூச்சின் இரகசியத்தை அறியும்பொருட்டு, தம்மிடம் பணிபுரிந்த வூ யாவ்பூ என்பவரை 1729ஆம் ஆண்டிலே வடக்கேயுள்ள அந்தச் சுன் நாட்டுக்கே அனுப்பினார். இவ்வாறு தேடிச் சேர்த்த அறிவின் பயனாக, பழைய சூளைகளின் பூச்சுக்கள் ஒவ்வொன்றாக மறுபிறவி எடுத்தன. அரண்மனைக்கெனச் செய்யப்பட்ட இப்போலிப் பொருள்கள் பலவற்றின் அடியிலே யோங்செங் சக்கரவர்த்தியின் ஆட்சிக்குறியே உண்டு. பூச்சு பழமையைப் பின்பற்றியது. குறியோ தன் காலத்தைச் சொல்லியது.

தீயில் மாண்டவன்

அந்நாட்களிலே, 1730ஆம் ஆண்டில், கோயிலொன்றின் மூலையிலே கவனிப்பாரற்றுக் கிடந்த பெரிய சாடியொன்று தாங் யிங்கின் கண்ணிற்பட்டது. மூன்று சீன அடி விட்டமும் இரண்டு அடிக்குச் சற்று மேற்பட்ட உயரமும் உடையது. சுற்றிலும் நான்கு நீல நிற நாகங்கள். கீழே கடல் அலை. சூளையிலே பழுதுபட்டமையால் அரண்மனைக்கு ஏற்காது தள்ளப்பட்ட பழைய பொருள் அது. ஊரவர் அதனைப் பொருட்படுத்தவில்லை. தாங் யிங்கோ ஆட்களைக் கொண்டு அதனைத் தூக்குவித்து, அரச சூளையை அடுத்திருந்த சிறு ஆலயமொன்றின் பக்கத்திலே உயர்ந்த மேடை அமைத்து அதன்மேல் வைத்தார்.

அந்த ஆலயத்திலே வணங்கப்பட்ட தெய்வம் ஒரு காலத்திலே சூளைத் தொழிலாளியாக இருந்தவன். அவன் பெயர் தோங் பின். மிங் மரபின் வான்லி சக்கரவர்த்தி, இத்தகைய பெருஞ்சாடிகளைச் செய்து அனுப்புமாறு கட்டளையிட்டிருந்தார். பான் சியாங் என்னும் அரண்மனை அதிகாரி அதனை நிறைவேற்ற வந்தான். அவ்வளவு பெரிய பாத்திரம் தீயிலே கோணாமலும் வெடிக்காமலும் வெளிவருதல் மிக அரிது. சூளை திறக்கும் ஒவ்வொரு முறையும் தோல்வியே எதிர்ப்பட்டது. தோல்விக்குத் தண்டனையாகத் தொழிலாளருக்கு அடியும் சிறையும் பட்டினியும் கிடைத்தன. தோழர்கள் படும் துன்பத்தைத் தாங்காத தோங் பின், 1599ஆம் ஆண்டிலே, எரிந்துகொண்டிருந்த சூளையினுள்ளே பாய்ந்தான். மறுநாள் சூளையைத் திறந்தபோது சாடி குற்றமின்றி நின்றது என்பது ஊரார் வழிவழியாகக் கூறிவந்த வரலாறு. தொழிலாளர் கலகம் செய்தனர். அவனுக்கு ஆலயமும் எழுந்தது.

தாங் யிங் இவ்வரலாற்றை ஆராய்ந்து, தோங் பின்னின் சரித்திரத்தை எழுதினார். பழுதுபட்ட அந்தச் சாடியைப் பற்றியும் தனியே ஒரு கட்டுரை எழுதினார். அதன் மண்ணும் மெருகும் அம்மனிதனுடைய எலும்பும் தசையும் குருதியுமே என்னும் கருத்து அக்கட்டுரையிலே உண்டு. அரச கட்டளையை நிறைவேற்ற வந்த அதிகாரியொருவர், முன்னொரு காலத்திலே அதேபோன்ற கட்டளையினால் மாண்ட தொழிலாளியைப் போற்றினார் என்பதை நாம் மனத்திற் கொள்ளல் வேண்டும். சக்கரவர்த்தியின் பெயரைத் தாங்கிய குற்றமற்ற சாடிகள் அரண்மனையிலே நின்றன. குற்றமுற்ற சாடியோ தோங் பின்னின் பெயருக்குச் சின்னமாயிற்று.

கணக்கும் கண்டிப்பும்

1735ஆம் ஆண்டிலே தாங் யிங் தம் பணியைப் பற்றிய குறிப்பொன்றைக் கல்லிலே பொறிப்பித்தார். சூளைகளிலே செய்யப்பட்ட ஐம்பத்தேழு வகைப் பீங்கான்களின் பெயர்களும் அதிலே உள்ளன. பீங்கான் வரலாற்றை எழுதுவோருக்கு இன்றும் அது இன்றியமையாத ஆவணம். செலவுக்கு ஆண்டுதோறும் ஹுவாய்ஆன் சுங்கத்திலிருந்து வந்த தொகை 8,000 லியாங் வெள்ளி என அது கூறுகின்றது. லியாங் என்பது ஏறத்தாழ 37 கிராம் நிறை. அரண்மனைக்கு அனுப்பப்பட்ட கிண்ணம், தட்டு முதலிய முதற்றரப் பொருள்கள் ஆண்டுக்கு 16,000 அல்லது 17,000. தேர்விலே தள்ளப்பட்டவையோ 60,000 அல்லது 70,000. ஒரு கிண்ணம் தேர்ந்தெடுக்கப்படுவதற்கு நான்கு கிண்ணங்கள் தள்ளப்பட்டன என்பது இக்கணக்கினாற் புலப்படும்.

அவ்வாண்டிலேயே யோங்செங் சக்கரவர்த்தி காலமானார். மைந்தர் சியென்லோங் 1736 முதல் ஆட்சி நடத்தினார். நியென் சியாவோ பதவியிழக்க, தாங் யிங் அவருடைய இடத்துக்கு வந்தார். முதலில் ஹுவாய்ஆன் சுங்கமும், 1739இல் ஜியுஜியாங் சுங்கமும் அவர் பொறுப்பாயின. பதவி உயர்ந்தது, ஆனால் சூளையின் அருகே நாள்தோறும் நிற்கும் வாய்ப்புக் குறைந்தது. ஆண்டில் இரு முறை, வசந்தத்திலும் இலையுதிர்காலத்திலும், ஜிங்தெசென்னுக்குச் சென்று மேற்பார்வை செய்வது வழக்கமாயிற்று.

புதிய சக்கரவர்த்தி எழுத்திலும் பெயரிலும் பெருவிருப்பமுடையவர். அவர் காலத்து ஆட்சிக்குறி பெரும்பாலும் முத்திரை எழுத்திலே அமைந்தது. அடியிலே தம் ஆட்சிப்பெயர் இருப்பது அவருக்குப் போதவில்லை. தாம் இயற்றிய கவிதைகளைப் பாத்திரங்களின் மேற்புறத்திலும் எழுதிச் சுடுவித்தார். அறுநூறு ஆண்டுகளுக்கு முன் செய்யப்பட்ட ரூ சூளைப் பாத்திரங்களையும் அவர் விட்டுவைக்கவில்லை. அவற்றின் அடியைச் செதுக்கித் தம் செய்யுளைப் பொறிப்பித்தார். பழைய கலைஞன் எழுத்தின்றி விட்ட இடத்தை அரசனின் எழுத்து நிரப்பியது.

இத்தகையவரிடம் பணியாற்றுதல் எளிதன்று. 1741ஆம் ஆண்டிலே வந்த பீங்கான்களின் மெருகும் சித்திரமும் முன்னைய தரத்துக்குக் குறைந்தவை, உடைந்தவையும் மிகுதி எனச் சக்கரவர்த்தி தாங் யிங்கைக் கடிந்துகொண்டார். தாம் வேறு ஊர்களிலே சுங்கப் பணியிலிருந்தமையையும், சூளையிலே துணைநின்றவர் இல்லாது போனமையையும் தாங் யிங் பணிவோடு விண்ணப்பித்தார். ஆயினும் செலவுக் கணக்கிலே ஏற்கப்படாத தொகையைத் தம் சொந்தப் பணத்திலிருந்து ஈடுசெய்ய வேண்டியவரானார். தீ செய்த குற்றத்துக்கும் மனிதனே விடை சொல்லவேண்டியிருந்தது. தோங் பின்னின் காலத்திலே அடியாகவும் பட்டினியாகவும் இறங்கிய தண்டனை, இப்பொழுது அதிகாரியின் பணப்பையிலே இறங்கியது. அதனைத் தாங் யிங் தொழிலாளர்மேற் சுமத்தினார் என்று கூறும் செய்தி எதுவும் அவர் வரலாற்றிலே இல்லை.

குறியின் காவலர்

ஆட்சிக்குறியின் மதிப்பைக் காப்பதிலே அவர் கொண்ட அக்கறை 1743ஆம் ஆண்டிலே வெளிப்பட்டது. தள்ளப்பட்ட பொருள்கள் அவர் வந்த காலத்திலே களஞ்சியத்தில் ஒழுங்கின்றிக் கிடந்து, சிறுகச் சிறுக வெளியே போய்க்கொண்டிருந்தன. அவற்றையும் கணக்கிட்டு அரண்மனைக்கே அனுப்பும் முறையை அவர் ஏற்படுத்தியிருந்தார். 1742இலே சக்கரவர்த்தி, அவற்றை அனுப்பவேண்டியதில்லை, அவ்வூரிலேயே விலைக்கு விற்றுவிடுக என ஆணையிட்டார். செலவைக் கருதும்போது அது தக்க யோசனையே. எனினும், அரச வடிவமும் அரச குறியும் தாங்கிய பொருள்கள் கடைவீதிக்கு வந்தால், தனியார் சூளைகள் அவற்றைப் பார்த்துப் போலி செய்யும். பின்னர் எது அரசருடையது, எது போலி என்று பிரித்தறிய இயலாது போகும் எனத் தாங் யிங் விண்ணப்பித்தார். அரசருக்கே உரிய மஞ்சள் நிறப் பாத்திரங்களைப் பற்றியவரை அவர் வேண்டுகோள் ஏற்கப்பட்டது. ஐந்து நகமுடைய நாகம் தீட்டிய பொருள்கள் ஏற்கெனவே வெளியிலும் வழங்குகின்றன ஆதலால் விற்கலாம் என்று விடை வந்தது.

அரசரைவிட அரசரின் குறியிலே கருத்தூன்றியவராக ஒரு சேவகரை இங்கே காண்கின்றோம். குறி என்பது ஒரு வாக்கு. வாக்கு பொய்த்தால் பொருளும் பொய்க்கும் என்பதை அவர் உணர்ந்திருந்தார். இன்று அரும்பொருட்சாலைகளிலே ஆட்சிக்குறியை ஆராய்ந்து மெய்யையும் போலியையும் பிரிக்க அரும்பாடுபடுவோர், தாங் யிங்கின் அச்சம் வீணன்று என்பதற்குச் சாட்சிகளாவர்.

அதே 1743ஆம் ஆண்டிலே வேறொரு கட்டளையும் அவருக்கு வந்தது. பீங்கான் செய்யும் முறையைக் காட்டும் இருபது ஓவியங்களை அரண்மனையிலிருந்து அனுப்பி, ஒவ்வொன்றுக்கும் விளக்கம் எழுதுமாறு சக்கரவர்த்தி பணித்தார். தொழிலாளர் அறிந்ததையும் அறிஞர் எழுத்தையும் ஒருங்கே பெற்றவர் அக்காலத்திலே அவரன்றி வேறு யார்? மலையிலே கல் வெட்டுவது தொடங்கி, வைக்கோல் சுற்றிப் பெட்டியில் அடைப்பது ஈறாக யாவற்றையும் சுருக்கமாகவும் தெளிவாகவும் எழுதினார். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே ஸ்டீபன் புஷெல் என்னும் மருத்துவ அறிஞர் அதனை ஆங்கிலத்திலே பெயர்த்தார்.

அடியெழுத்தை எழுதியவர் யார் என்னும் வினாவுக்கும் அந்நூலிலே விடை உண்டு. கோபாற்று என்னும் கனிமத்தை அரைத்துப் பெறும் நீலத்தினால் தீட்டும் வேலை பலருக்குப் பங்கிடப்பட்டிருந்தது. கோடு வரைபவர் நிறம் நிரப்பக் கற்பதில்லை. நிறம் நிரப்புபவர் கோடு வரையக் கற்பதில்லை. இவ்வாறு பிரித்ததனால் ஒருவன் கை பழகியது. ஆயிரம் கிண்ணங்களும் ஒன்றுபோல அமைந்தன. விளிம்பிலுள்ள வளையக் கோடுகள் சக்கரம் சுழற்றுவோருடைய வேலை. அடியிலுள்ள குறியை எழுதுவது அதற்கென அமைந்த எழுத்தாளருக்கே உரியது. தீட்டும்போதும் பூச்சிலே தோய்க்கும்போதும் பிடிப்பதற்காகப் பாத்திரத்தின் அடியிலே இரண்டு மூன்று அங்குல நீளத்துக்கு மண்பிடி ஒன்று விடப்பட்டிருக்கும். மற்ற வேலைகள் முடிந்த பின்னரே அப்பிடியைக் கடைந்து நீக்கி, அடியைக் குடைந்து, அங்கே ஆட்சிக்குறியை எழுதுவர். ஆகவே, சூளைக்குப் போகுமுன் அப்பாத்திரத்தின்மேல் மனிதன் செய்யும் கடைசிக் காரியங்களுள் ஒன்று சக்கரவர்த்தியின் பெயரை எழுதுவதே.

தாங் யிங்குக்கு முன்னர் அவ்வூரிலே வாழ்ந்த பிரெஞ்சுப் பாதிரியாரான தாந்திரகோல், ஒரு பாத்திரம் எழுபது பேருடைய கைகளைக் கடந்து முற்றுப்பெறுகின்றது என 1712இலே எழுதினார். எழுபது பேருள்ளும் எழுத்தறிந்த ஒருவனுக்கே அடியில் எழுதும் உரிமை இருந்தது. அவனும் எழுதியது தன் பெயரையன்று.

இருபதாவது ஓவியத்துக்கு வருவோம். அது சூளைத் தெய்வத்துக்கு நேர்த்திக்கடன் செலுத்தும் காட்சி. அங்கே தாங் யிங், இருநூறு முந்நூறு தனியார் சூளைகள் புகையும் அந்நகரையும், இலட்சக்கணக்கில் அங்கே உழைத்த மக்களையும் கூறி, அவர்கள் வணங்கும் தெய்வமாகிய தோங் தீயிலே பாய்ந்த வரலாற்றைச் சொல்லி நூலை முடிக்கின்றார். சக்கரவர்த்தியின் கட்டளையாற் பிறந்து, சக்கரவர்த்தி படிப்பதற்கென எழுதிய நூலின் கடைசி இடம் ஒரு தொழிலாளிக்குக் கிடைத்தது. பாத்திரத்தின் அடியிலே எழுத முடியாத பெயர் நூலின் அடியிலே எழுதப்பட்டது.

தம் பெயர் எழுதிய இடம்

தாங் யிங் தம் பெயரைப் பீங்கானிலே எழுதியதேயில்லையா? எழுதினார். அரண்மனைப் பொருளிலன்று. பீக்கிங் நகரின் கிழக்கேயுள்ள தோங்பா என்னும் இடத்திலே, விண்ணுலக அன்னையாக வணங்கப்படும் பெண் தெய்வத்துக்கு ஒரு கோயில் இருந்தது. அக்கோயிலின் பீடத்துக்கென 1740, 1741ஆம் ஆண்டுகளிலே நீலச் சித்திரம் தீட்டிய பூச்சாடிகளையும் விளக்குத்தண்டுகளையும் செய்து காணிக்கையாக அளித்தார். அவற்றிலே தம் உத்தியோகங்களையெல்லாம் வரிசையாகக் கூறி, ஷென்யாங் ஊரவராகிய தாங் யிங் வணக்கத்துடன் செய்து படைத்தது என நீண்ட வாசகம் எழுதுவித்தார். ஆண்டும் பருவமும் குறித்தார். அவற்றுட் சில இன்றும் எஞ்சியுள்ளன. செய்வித்தவரும், காலமும், இடமும் ஐயமின்றித் தெரியும் பொருள்களாதலால், குறியற்ற வேறு பொருள்களின் காலத்தை அறிவதற்கும் அவை அளவுகோலாகின்றன. அவர் சக்கரவர்த்தியின் கடுஞ்சொல்லைக் கேட்ட அதே 1741ஆம் ஆண்டின் வசந்தத்திலே ஒரு தொகுதி செய்யப்பட்டது என்பதும் எண்ணத்தக்கது.

எழுதுகோல் தாங்கும் சாடி முதலிய சில எழுதுமேசைப் பொருள்களிலும் அவருடைய கவிதையும் புனைபெயர் முத்திரையும் காணப்படும். நத்தை ஓட்டிலே ஒண்டியிருப்பவர் எனப் பொருள்படுவது அப்புனைபெயர்களுள் ஒன்று. கவிதையோடு நாடகமும் அவருக்குப் பிரியமான துறை. அவர் இயற்றியவற்றுள் பதினேழு நாடகங்கள் எஞ்சியுள்ளன.

1750ஆம் ஆண்டளவிலே தெற்கேயுள்ள கன்டன் துறைமுகச் சுங்கத்துக்கு மாற்றப்பட்டார். 1752இலே மீண்டும் ஜியுஜியாங்குக்கும் சூளைப் பணிக்கும் திரும்பினார். முதுமையும் நோயும் வந்தடைய, 1756ஆம் ஆண்டிலே ஓய்வு வேண்டினார், அவ்வாண்டிலேயே காலமானார்.

அவர் நடத்திய காலத்துச் சூளைப் பொருள்களைச் சீன அறிஞர் தாங் சூளை என்றே வழங்குகின்றனர். அடியிலே யோங்செங் என்றும் சியென்லோங் என்றும் எழுதப்பட்டிருக்க, அறிந்தவர் நாவிலே அவை தாங் என்ற பெயரைப் பெற்றன. எழுதாத பெயர் வாய்மொழியாக வென்றது எனலாம். ஆயினும் அந்தப் பெயரும் ஓர் அதிகாரியின் பெயரே. சுன் நாட்டுக்குச் சென்ற வூ யாவ்பூவின் பெயர் ஒரு குறிப்பினாலே தப்பியது. தோங் பின்னின் பெயர் அவனுடைய சாவினாலும் தாங் யிங்கின் எழுத்தினாலும் தப்பியது. இரட்டை வளையத்துக்குள்ளே ஆறெழுத்தை வாழ்நாள் முழுவதும் எழுதிய அந்த எழுத்தாளருள் ஒருவரது பெயரையேனும் அவர் நூலும் நமக்குத் தரவில்லை.

கலைப்பொருளின் பெருமையை அதனைக் கேட்டுப் பெற்ற அரசனுக்கு உரியதாக்குவது உலகத்து வழக்கம். அவ்வழக்கத்தைத் தாங் யிங் உடைத்துவிட்டார் என்று கூறுவது மிகையாகும். அவர் அரச சேவகராகவே வாழ்ந்தார். அரச குறிக்குக் காவலராகவே நின்றார். ஆனால், அக்குறியின் பின்னே நிற்கும் கைகளை அவர் கண்டார்; அக்கைகளிடம் கற்றார்; கற்றதை ஒளிக்காது எழுதினார். ஆசிரியத் தொழிலில் இருப்போரும் மாணவரும் அவர் வாழ்விலிருந்து பெறத்தக்கது இதுவே. அறியாததை அறிந்தோரிடம், அவர் எந்நிலையினராயினும், அமர்ந்து கற்றல்; கற்றபின், கற்பித்தவரை மறவாதிருத்தல்.

அரும்பொருட்சாலையிலே சீனக் கிண்ணமொன்றின் அடியெழுத்தைக் கண்ணாடியிலே பிரதிபலிக்கும்படி வைத்திருப்பதைக் காண்போர், ஆட்சிப்பெயரைப் படித்துக் காலத்தை அறிந்துகொள்ளட்டும். அத்துடன் அந்த நீலக் கோடுகளைச் சிறிது உற்றுநோக்கட்டும். பெயர் அரசனுடையது, கையெழுத்து வேறொருவனுடையது.